பத்து மணி என்றால் பத்து மணி

மோர்னிங்சைட், ஸ்காபரோ.
செவ்வாய்க்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அமிர்தநாதர் அவர்களுக்கு,

மைத்துனன் கிறிஸ்துநாயகம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி பேர்ணடெற்றும் மகன் மாக்கஸும் மாதாவின் துணையால் சுகமாக இருக்கிறோம். மொன்றியலில் நீங்களும் அக்காவும் உங்கள் இடது முழங்காலும் அவ்வாறே சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் சொல்லக்கூடியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் அக்கா மூன்று வசனம் முடித்துவிடுவா. அதோடு, எங்கள் பங்குக் கோயில் ஆள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கிளிபோட், "கிறிஸ்து அண்ணை பொய் நேரம் சொல்லி முழுச் சனத்தையும் பேய்க்காட்டிப்போட்டார்" என்று உங்களுக்கு முந்திக்கொண்டு கதை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத்தில் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். நான் முடிவெடுத்தால் மாறுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மருமகன் மாக்கஸ் கனடா ஹொக்கி அணிக்குக் கோல் காக்கிறவன். பனியில் சறுக்குகிற ஹொக்கி அல்ல, புல்லில் ஓடுகிற ஹொக்கி. இந்த நாட்டில் இதை நாளுக்கு நாலு பேருக்கு விளக்கி என் தொண்டை போய்விட்டது. உலகக் கிண்ணத்துக்குப் போகும் நாடுகளைத் தெரிவுசெய்கிற ஆண்கள் போட்டி இந்த முறை எங்கள் ரொறன்ரோவிலேயே நடந்தது. போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். வென்றால் உலகக் கிண்ணம். தோற்றால், "இதோட காணும் அப்பா, காலுறையைக் கழட்டிப்போட்டு ஒழுங்கா ஒரு வேலையைப் பாக்கிறன்" என்று அவன் சொல்லிவிட்டான். வயது இருபத்தேழு. பதினொரு வயதில் தொடங்கினவன். இந்தப் பதினாறு வருடமும் மற்றப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன், பெரியப்பா, சித்தி, நாய் என்று பார்வையாளர் வாங்கு நிறையச் சனம் வரும். எங்கள் பிள்ளைக்குப் பேர்ணடெற் மட்டும் குடையோடு இருப்பா. எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை. இருபத்தாறு வருடம் ஸ்காபரோவில் பஸ் ஓட்டினவன் நான்; ஒரு தரிப்பிடத்துக்கும் ஒரு நிமிடம் பிந்தினேன் என்று ஒருவனும் சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்து மைதானத்துக்கு ஓடிப்போனால் அங்கே ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தப் பங்குனியில் ஓய்வு எடுத்தேன். இந்த ஒரு ஆட்டத்துக்காவது அந்த வாங்குகளை எங்கள் சனத்தால் நிரப்பியே தீருவது என்று அந்தோனியார் முன் நின்று தீர்மானித்தேன்.

இனி நேரக் கதை. ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு என்று மகன் சொன்னான். எங்கள் ஆட்களின் குணம் நீங்கள் அறியாததா? அக்காவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும். ஆகவே பன்னிரண்டைப் பத்தாக்கி, பூசை முடிய ஒலிவாங்கியில் "பத்து மணி என்றால் பத்து மணி" என்று அறிவித்தேன். இது பொய் இல்லை அத்தான், இது ஊர் வழக்கம். கலியாண அட்டையில் போடுகிற நேரத்தை எவனாவது நம்புகிறானா? கிளிபோட்டின் மஞ்சள் பஸ்ஸை ஒழுங்குபண்ணினேன். இருநூறு றோல்ஸுக்குச் சொல்லிவைத்தேன். பாடகர் குழுத் தலைவி ஜூலியிடம் மேளத்தையும் கொண்டுவரச் சொன்னேன். அன்று காலை பத்து மணிக்குப் பேர்ணடெற் சேலையும் மாற்றாமல் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. "என்னப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கத்தினேன். "நீங்கள் போங்கோ, நான் பஸ்ஸில சனத்தோட வாறன்" என்று சிரித்தா. எனக்கு இரத்தம் கொதித்தது.

நான் மட்டும் நேரத்துக்குப் போனேன். சரி, பன்னிரண்டு இருபத்தைந்து. அது என் பிழை இல்லை, றோல்ஸ் கடைக்காரன் பொரித்து முடிக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒரு குருவியும் இல்லை. அவசரத்தில் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டேன். ஆனாலும் சிவப்பு உடுப்பு எங்கள் உடுப்பு என்பது தெரியாதா? கோலுக்கு முன்னால், தலையில் பெரிய கவசமும் காலில் மெத்தையுமாக என் பிள்ளை. "மாக்கஸ்! காலைப் போடு மோனே!" என்று கத்தத் தொடங்கினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மனுசி இருந்தா. அவவும் அதே பிள்ளைக்குத்தான் உயிரைக் கொடுத்துக் கத்தினா. பாருங்கோ, எங்கட சனத்துக்கு இல்லாத பாசம் இந்த மனுசிக்கு இருக்குதே என்று நெஞ்சு நிறைஞ்சு போய் ஆறு றோல்ஸ் குடுத்தன். பிள்ளைக்கு நாலு கோல் போட்டாங்கள். ஒவ்வொரு கோலுக்கும் நான் அவவைத் தேற்ற, அவ என்னைத் தேற்ற, ஆட்டம் முடிய ரெண்டு பேரும் கையைப் பிடிச்சு அழுதுகொண்டு நிண்டம். உலகக் கிண்ணமும் போச்சு, பிள்ளையின்ர பதினாறு வருசமும் போச்சு, ஒரு தமிழன்கூட வரேல்லை. அப்பதான் கோல்காரன் கவசத்தைக் கழட்டினான். செம்பட்டைத் தாடி! மனுசி ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சா. அது அவவின்ர மகன். அது வேறை நாடு, வேறை ஆட்டம், ஐந்தாம் இடத்துக்காம்.

நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே மஞ்சள் பஸ் வந்தது, பின்னால் பத்துப் பதினைந்து காரும். நேரம் ஒன்று முப்பத்தைந்து. தொண்ணூறு பேர். அவசரம் என்பதே இல்லாமல் ஊர்வலம் மாதிரி இறங்கினார்கள். "இதுதானோ பத்து மணி?" என்று கேட்டேன். கிளிபோட் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணை, நீங்கள் பத்து எண்டா பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு விளக்கேற்றல், வரவேற்புரை, பிரமுகர் உரை, பொன்னாடை. ஒண்டரைக்கு வந்தால் சரியா இருக்கும் எண்டு எல்லாரும் கணக்குப் பாத்துத்தான் வந்தனாங்கள்." ஹொக்கி ஆட்டத்துக்கு எவனடா விளக்கேற்றுகிறவன்? அந்த நேரம் பார்த்து மைதானம் முழுக்கத் தண்ணீர் சீறியது. குழாய் வெடித்துவிட்டது என்று ஜூலி குழறிக்கொண்டு காவலாளியிடம் ஓடினா. ஆட்டத்துக்கு முன் அந்தச் செயற்கைப் புல்லை நனைப்பார்களாம், அப்போதுதான் பந்து ஓடுமாம். பிறகு கனடா அணி வரிசையாக வந்தது. கடைசியில் மாக்கஸ். அவன் வாங்குகளை நிமிர்ந்து பார்த்தான். தொண்ணூறு பேரும் எழும்பி நின்றோம்.

எதிரணி எந்த நாடு என்று எழுத மாட்டேன். உங்கள் மகன் கட்டின மருமகள் அந்த நாட்டுக்காரி. ரெண்டுக்கு ரெண்டு என்று சமமாக முடிந்தது. பிறகு ஆளுக்கொருவராக வந்து எட்டுச் செக்கனுக்குள் கோல் போட வேண்டும், கோல்காரன் தனியாக நின்று மறிக்க வேண்டும். கடைசி ஆள் வரும்போது எங்களுக்கு ஒரு கோல் கூட. இதை மறித்தால் வெற்றி. ஜூலிக்கு என்ன வந்ததோ தெரியாது, மேளத்தைத் தட்டி மாதா பாட்டொன்றைத் தொடங்கிவிட்டா. நடுவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். வந்தவன் இடப்பக்கம் வெட்டி, வலப்பக்கம் வெட்டி, அடித்தான். மாக்கஸ் சரிந்து விழுந்து இடது காலை நீட்டினான். பந்து காலில் பட்டு வெளியே போனது. மணி அடித்தது. நான் செம்பட்டைத் தாடியின் தாயைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவவும் போகாமல் நின்று எங்கள் பிள்ளைக்குக் கத்தினவ. பேர்ணடெற் இதைக் கண்டு அவவுக்கும் ஒரு றோல்ஸ் நீட்டினா.

மாக்கஸ் வேலிக்கு ஓடிவந்து முதல் கேட்ட கேள்வி, "அப்பா, வேர் யூ ஹியர்? முதல் விசிலுக்கு நிண்டனீங்களோ?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்டரை மணித்தியாலம் முந்தியே நிண்டனான் மோனே" என்றேன். அவன் தாயைப் பார்த்தான், தாய் அவனைப் பார்த்தா, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெற்றிச் சந்தோஷம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆகவே அத்தான், ஆட்டத்தை இரண்டு மணித்தியாலம் பின்தள்ளி எங்கள் சனத்தின் மானத்தைக் காப்பாற்றியது அந்தோனியார் செய்த புதுமையே தவிர வேறில்லை. இனிமேல் என் வாயால் பொய் நேரம் வராது, இது சத்தியம். எங்கள் ஆட்கள் திருந்த வேண்டும், பிந்துகிற பழக்கம் எங்கள் இனத்தைவிட்டு ஒழிய வேண்டும், அதை நானே தொடங்கிவைக்கிறேன். மாக்கஸுக்கான நன்றி விருந்து வருகிற சனிக்கிழமை வோபர்ன் மண்டபத்தில், பின்னேரம் ஐந்து மணி. ஐந்து என்றால் ஐந்து.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், முழங்காலுக்கு நல்ல எண்ணெயையும், அக்காவுக்குக் கொஞ்சம் மௌனத்தையும் ஆண்டவர் அருள்வாராக.

உங்கள் அன்பு மைத்துனன்,
கிறிஸ்துநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் பேர்ணடெற் வாசிச்சுப்போட்டா. மண்டபக் கதவைத் திறக்கிற திறப்பை ஏழு மணிக்குத்தானாம் தருவினம். நீங்கள் அஞ்சுக்கே வாங்கோ, ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. மற்றது, அந்தோனியார் ஒண்டும் செய்யேல்லை. எங்கட பிறிஜ் கதவில ஆட்ட அட்டவணை மூண்டு கிழமையா ஒட்டிக் கிடக்குது. நாளுக்குப் பத்துத் தரம் திறக்கிற கதவு. அதில ரெண்டு மணி எண்டுதான் போட்டிருக்கு. "அப்பாட்டப் பன்னிரண்டு எண்டு சொல்லுவம் அம்மா, அப்பத்தான் முதல் விசிலுக்கு நிப்பார்" எண்டு சொன்னவன் மாக்கஸ்தான். சின்னனில இருந்தே எனக்கு ஒரு மணித்தியாலம் குறைச்சுத்தான் சொல்லுறவனாம். அப்பிடிக் குறைச்சும் பதினாறு வருசமா நான் தோடம்பழத்துக்குத்தான் போயிருக்கிறன். வாற மாதம் அவன் பயிற்சிக்கு வெளிநாடு போறான். விமான நிலையத்துக்கு மூண்டு மணிக்கு வரச் சொன்னான். இண்டைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிக்கெற்றைப் பாத்தன், விமானம் இரவு ஒன்பதுக்கு. நான் ஒண்டும் கேக்கேல்லை. மூண்டு மணிக்கு அங்கை நிப்பன்.