புத்தம் புதுப் பழைய படகு

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அது பழையது என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது. எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது.

குவைத்தில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் வெளிநாடே வேண்டாம் என்று, ஆந்திராவில் திருப்பதி போகும் ரோட்டில் இருக்கும் எங்கள் ஊர் வடமாலபேட்டைக்குத் திரும்பியிருந்தேன். ஊரில் ஆளுக்கொரு புதுத்தொழில் ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். திருப்பதிக்குக் காரில் போகிறவர்களை நிறுத்தி, எங்கள் ஏரியில் படகில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் காசு கொட்டும் என்று கணக்குப் போட்டேன். (மலையேறப் போகிறவன் நடுவில் எதற்கு ஐயா படகில் ஏறுவான்?)

பழவேற்காட்டில் ஒரு கிழட்டு மரப்படகு கிடைத்தது. அங்கேயே நீலப் பெயிண்ட் அடித்தேன். லாரியில் ஏற்றியதும் என் மனைவி சரோஜா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காயும் உடைத்தாள். ஷோரூமிலிருந்து வரும் வண்டிக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

ஆந்திர எல்லையில் செக்போஸ்ட்காரர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமா சார், புத்தம் புதுசு!"

நாக்கில் சனி. வேறென்ன சொல்ல?

கொஞ்ச நாளில் சேல்ஸ் டாக்ஸ் நோட்டீஸ் வந்தது. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்த புதுப் படகுக்கு வரியும் அபராதமுமாம். படகின் விலையைவிட அதிகம். கட்டாவிட்டால் ஜப்தி. சித்தூர் ஆபீசுக்கு ஓடினேன். பழையது என்றால் வரி இல்லை, ஆனால் பழையது என்று யார் நம்புவார்கள்?

"புதுசுன்னு நீதானய்யா சொன்னே?" என்று சிரித்தார் ஆபீசர்.

வீட்டுக்கு வந்து, "மறுபடியும் குவைத்துக்குத்தான் போவணும் போலக்குது," என்றேன்.

"நீ எங்கியும் போவ வாணாம். அந்த ஆபீசரை ஏரிக்கு இட்டுக்கினு வா," என்றாள் சரோஜா.

கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். வெள்ளை பேண்ட், பளபளக்கும் ஷூ. படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொத்ததே!" என்றார் தெலுங்கில். புதிதுதானாம்.

"தண்ணில பார்க்காம எப்டி சார் தெரியும்? ஏறுங்க," என்றாள் சரோஜா.

ஏறினார். நான் துடுப்புப் போட்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் பலகை இடுக்கிலெல்லாம் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. ஷூ நனைந்தது. சாக்ஸ் நனைந்தது. ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஏமய்யா இதி!" என்று அலறினார்.

"புதுசு சார்," என்றேன் பணிவாக.

"பாததி! பாததி! பழசுய்யா, எங்க தாத்தா காலத்துப் பழசு! கரைக்குப் போ!"

ஏரியில் இடுப்பளவு தண்ணீர்தான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"எழுதிக் குடுப்பீங்களா சார்?" கரையிலிருந்து சரோஜா கத்தினாள்.

"ராஸ்தானம்மா, ராஸ்தானு!" எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறை.

சொன்னபடி எழுதினார். "படகு மிகப் பழையது, உபயோகத்துக்கு லாயக்கற்றது." வரி ரத்து! அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தை ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். லாயக்கற்றது என்று சர்க்காரே எழுதிய படகில் எவன் ஏறுவான் என்பது மறுநாள்தான் உறைத்தது. ஆனால் ஆபீசரைத் தண்ணீரில் முக்கிய படகைப் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்களுக்கு சரோஜா டீ போட்டாள், பிறகு இட்லி போட்டாள். நான் குவைத்துக்குப் போகவே இல்லை.

போன மாதம் மாப்பிள்ளை ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கி வந்து, "கண்டிஷன் சூப்பர் மாமா, புதுசு மாதிரி!" என்றார். சரோஜா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஆபீசரை இட்டாரச் சொல்லட்டா?"