கொழுந்தன் பெட்டிக்கு நான் மாட்டிய மிடி ஒயர்

"தெரியுமா?" என்று யாராவது கேட்டால், மூளை யோசிக்கத் தொடங்கும் முன்பே என் வாய் "தெரியும்" என்று சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வழி கேட்டவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்களோ, நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று என் வருங்கால மாமியார், "மீன் கழுவத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "நல்லா தெரியும் அத்தை" என்றேன். (எங்கள் அரியாங்குப்பம் வீட்டில் மீன் கழுவுவது அப்பா. நான் பக்கத்தில் நின்று பூனையை விரட்டுவேன், அவ்வளவுதான்.) கேட்டவரோ குருசுக்குப்பத்தில் பிறந்து வளர்ந்து, முப்பது வருஷமாக மீன் விற்பவர். யாரிடம் புளுகுகிறோம் என்றாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பொய்யைப் பற்றி அத்தை என்ன நினைத்தார் என்பது கல்யாணமான மூன்றாம் மாதம் தெரியவந்தது. தெரியவந்த விதம்தான் கொடுமை.

என் கொழுந்தன் சேகர் கல்யாணக் கச்சேரிகளில் டிரம் சாம்ப்ளர் வாசிப்பவன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பெட்டி. மேலே பதினாறு ரப்பர் கட்டங்கள். எந்தச் சத்தத்தையும் பதிவுசெய்து ஒரு கட்டத்தில் போட்டுக்கொள்ளலாம்; விரலால் தட்டினால் அந்தச் சத்தம் வரும். சேகர் படகுப் பலகையைத் தட்டிய சத்தம், ஐஸ் பெட்டி மூடும் சத்தம், மீன் வெட்டும் கட்டையில் கத்தி விழும் சத்தம் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தான். அவற்றை வைத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு தாளம் சொந்தமாகக் கட்டியிருந்தான். கேட்டால் கால் தானாக ஆடும்.

ஊருக்குள் நடனப் பள்ளி வைத்திருந்த மதாம் செசில் ஒரு கல்யாணத்தில் அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தன் குழுவின் புதிய நடனத்துக்கு அவன் தாளத்தைப் போடலாமா என்று பார்க்க விரும்பினார். இன்னொருவரிடமும் கேட்டிருந்தார். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து கேட்பதாகவும், அன்றைக்கே முடிவு சொல்வதாகவும் ஏற்பாடு. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளைகள் முதலில் மெதுவாக ஆடிப் பழக வேண்டும், பிறகு வேகமாக. அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், ஆனால் சத்தம் கெட்டுப்போகக் கூடாது.

"ரெக்கார்ட் பண்ணி ஸ்லோ பண்ணா குடிச்சவன் பேசுற மாதிரி வருது அண்ணி" என்றான் சேகர் கவலையோடு. "மிடின்னு ஒண்ணு இருக்காம். அதுல போட்டா சரியா வருமாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகளுக்குப் படம் வரையவும் கூட்டல் போடவும் சொல்லித் தருவேன். மிடி என்ற சொல்லை என் வாழ்நாளில் அதற்கு முன் பாவாடை சம்பந்தமாகத்தான் கேட்டிருக்கிறேன். (அத்தையும் அப்படித்தான். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா மிடி?" என்று சேகரிடம் கேட்டார்.)

வெள்ளிக்கிழமை இரண்டு வீடியோ பார்த்தேன். விஷயம் சுலபமாகத்தான் இருந்தது. மிடி ஒயரில் சத்தம் போகாது; கட்டளைதான் போகும். 'மூன்றாம் கட்டத்தைத் தட்டு', 'இப்போது கையை எடு' என்று. அந்தக் கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்துக்கொண்டால், எந்த வேகத்தில் வேண்டுமானாலும் பெட்டிக்குத் திருப்பிச் சொல்லலாம். பெட்டி மறுபடி வாசிக்கும். சத்தம் கெடாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. என் கணவர் ஐஸ் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். கூடத்தில் என் லேப்டாப், சேகரின் பெட்டி, நடுவே இரண்டு வால் உள்ள ஒரு ஒயர். ஒரு வாலில் 'இன்' என்றும் மற்றதில் 'அவுட்' என்றும் எழுதியிருந்தது. பெட்டியின் பின்புறமும் 'இன்', 'அவுட்' என்று இரண்டு ஓட்டைகள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்னை இன்னில் சொருகினேன், அவுட்டை அவுட்டில்.

சேகர் கண்ணை மூடி வாசித்தான். நான்கு நிமிடம். அப்படி அவன் வாசித்து நான் கேட்டதில்லை. முடித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வந்துச்சா அண்ணி?" என்றான்.

திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இது ஒத்திகைதான்" என்றேன். "இப்ப நிஜமா வாசி."

மறுபடி வாசித்தான். மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அவன் கண்ணை மூடவில்லை; என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தான். ஐந்தாம் தடவைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒயருக்கு உள்ளே போக வேண்டும். ஆக, ஒயரின் 'இன்' பெட்டியின் 'அவுட்'டில் இருக்க வேண்டும். சேகர் தண்ணீர் குடிக்கப் போனபோது சத்தமில்லாமல் மாற்றிச் சொருகினேன். மணி பத்தரை.

ஆறாம் தடவை திரையில் சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக விழுந்தன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாசித்து முடித்தவனை உட்காரவைத்து, "இப்ப கேளு" என்று பட்டனை அழுத்தினேன்.

பியானோ வந்தது. சேகரின் படகும் கத்தியும் ஐஸ் பெட்டியும் ஒன்றையும் காணோம். நான்கு நிமிடத் தாளத்தையும் பியானோ வாசித்தது.

கொல்லையிலிருந்து அத்தை கத்தினார்: "யாருடா அது, ஆர்மோனியத்து மேல பூனைய உட்டது?"

சேகர் சிரிக்கவில்லை. "அண்ணி, மணி பதினொண்ணு ஆவப்போவுது. நிஜமாவே தெரியும்ல?" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தெரியும்டா, அவசரப்படுத்தாத" என்று எரிந்து விழுந்தேன். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. அந்த சாஃப்ட்வேரில் இருந்த எல்லா மெனுவையும் திறந்து மூடினேன். பதினொன்றே முக்காலுக்கு, கட்டளைகளை யாருக்கு அனுப்புவது என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. அதில் அதுவரை கம்ப்யூட்டரின் சொந்தப் பியானோ இருந்திருக்கிறது. ஒயரின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். பட்டனை அழுத்தினேன்.

சாம்ப்ளர் தானாகவே வாசித்தது! யாரும் தொடாமலே கட்டங்களில் ஒவ்வொன்றாக விளக்கெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன்; மெதுவாக, சுத்தமாக வந்தது. கூட்டினேன், பறந்தது. சேகர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க" என்றான்.

அத்தோடு நான் எழுந்து முகம் கழுவப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சேகர் சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில், எனக்கு ஒரு மேதாவித்தனம் தோன்றியது. தாளம் கொஞ்சம் கணீரென்று இருந்தால் நன்றாக இருக்குமே? சுருதியை ஏற்றும் இடம் திரையிலேயே இருந்தது. மவுஸால் இழுத்தேன். பதினாறில் போய் நின்றது. போட்டுப் பார்க்கலாம் என்று கை வைத்தபோது வாசலில் கார் நின்றது.

டிரம் பெட்டிக்குச் சுருதி கிடையாது என்பதைப் பிற்பாடு சேகர் அழாத குறையாக எனக்கு விளக்கினான். கம்ப்யூட்டர் அனுப்பும் சுருதி எண் அதற்குக் கட்டத்தின் நம்பர். பதினாறு ஏற்றினால், முதல் பதினாறு கட்டங்களை விட்டுவிட்டு அடுத்த பதினாறுக்குப் போய்விடும். பெட்டிக்குள்ளே அப்படி இன்னும் சில அடுக்குகள் இருந்தன. இரண்டாவது அடுக்கில், சும்மா தமாஷுக்காக, அவன் வீட்டில் பதிவுசெய்த சத்தங்களை வைத்திருந்தான்.

மதாம் செசில் வெள்ளைப் பருத்திப் புடவையில் வந்தார். "போன்ழூர், போன்ழூர்! அடடா, எல்லாம் ரெடியா?" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காபியோடு வந்து பக்கத்தில் நின்றார். சேகர் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தான்.

"மெதுவா போடவா, வேகமா போடவா மதாம்?" என்று கேட்டேன். அப்படி ஒரு தோரணை எனக்கு.

"மெதுவா போடும்மா."

அழுத்தினேன்.

"ஏன்டா" என்றது பெட்டி. அத்தையின் குரல்.

பிறகு, "ஏன்டா. ஏன்டா. அடச்சீ. ஏன்டா. அடச்சீ, அடச்சீ." படகுப் பலகை வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஏன்டா. ஐஸ் பெட்டிக்கு அடச்சீ. தாளம் மட்டும் அச்சுப் பிசகவில்லை.

மதாம் காபி டம்ளரை வாயருகே வைத்தபடி அசையாமல் இருந்தார். நான் லேப்டாப்பின் வால்யூமைக் குறைத்தேன். சத்தம் குறையவில்லை. (எப்படிக் குறையும்? பேசுவது சாம்ப்ளர்.) இன்னொரு பட்டனை அழுத்தினேன், வேகம் இரண்டு மடங்கானது. அத்தையின் வசவு பட்டாசுச் சரம் போல வெடித்தது.

"சேகரு! இது என் குரல்டா!" என்றார் அத்தை.

சேகர் பாய்ந்து வருவதற்குள் நான் ஒயரைப் பிடித்து உருவிவிட்டேன். கட்டளை போனால்தானே பெட்டி பேசும்?

அங்கேதான் மிடியின் இன்னொரு பாதியை நான் மறந்திருந்தேன். 'தட்டு' என்று ஒரு கட்டளை போனால், 'கையை எடு' என்று இன்னொன்றும் போய்ச் சேர வேண்டும். நான் உருவியது இரண்டுக்கும் நடுவில். 'தட்டு' போய்விட்டது, 'எடு' என் கையிலிருந்த ஒயரோடு நின்றுவிட்டது. அந்த நொடியில் மாட்டிக்கொண்ட கட்டத்தையோ, கையை எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் பேசும்படி சேகர் வைத்திருந்தான்.

"நம்ம வாணிக்கு மீன் கழுவத் தெரில. நம்ம வாணிக்கு மீன் கழுவத் தெரில. நம்ம வாணிக்கு மீன் கழுவத் தெரில."

வாணி நான்தான்.

அத்தை முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, அது இவள இல்ல மதாம், பக்கத்து வூட்டு மருமவ" என்றார்.

"நம்ம வாணிக்கு" என்றது பெட்டி.

"அவ பேரும் வாணிதான்" என்றார் அத்தை.

ஒருவழியாகச் சேகர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். சேகரின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒயரைச் சுருட்டினேன். அவன் வாழ்க்கையில் வந்த முதல் வாய்ப்பு. மூன்று மணி நேரத்தில் அதை நான் நாசமாக்கியிருந்தேன்.

என் வாய் முதல்முறையாக உண்மை பேசியது. "மதாம், எனக்கு மிடி தெரியாது. சேகர் மேல ஒரு தப்பும் இல்ல. அப்புறம், மீன் கழுவவும் தெரியாது."

மதாம் டம்ளரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். தம்பி, நீ கையாலயே மெதுவா வாசிக்க மாட்டியா?"

"வாசிப்பேனே" என்றான் சேகர். "எவ்ளோ மெதுவா வேணும்?"

நானும் சேகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று மணி நேரத்தில் இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பெட்டிக்கு மறுபடி கரண்ட் கொடுத்து அவன் வாசித்தான். முதல் நிமிடம் தடுமாறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மதாம் தரையில் குதிகாலால் தட்டிக்கொண்டே, "இன்னும் மெதுவா... ம்... இப்ப ஏத்து" என்று சொல்லச் சொல்ல, அவன் அவர் குதிகாலின் தாளத்தையே பிடித்துக்கொண்டு போனான். முடிந்ததும் அவர், "ஃபைல் எல்லாம் வேணாம். வாரத்துல மூணு நாள் நீயே வந்துடு. பிள்ளைங்க எப்படி ஆடுதோ அப்படி வாசி" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "அந்த இன்னொண்ணை மட்டும் அழிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அத்தை கொல்லையிலேயே இருந்தார், நான் கூடத்திலேயே. அவருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எனக்கு அவர் முகத்தை. ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர், "மிடி என்னாச்சு?" என்று கேட்டதுதான் தாமதம், சேகர் அத்தை குரலிலேயே முழுத் தாளத்தையும் வாயால் வாசித்துக் காட்டினான். முதலில் சிரித்தது அத்தை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, என் தோளில் சாய்ந்துகொண்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. மீன் இப்போது கழுவுவேன், சுமாராக. பள்ளிக்கூடத்தில் யாராவது "தெரியுமா மிஸ்?" என்றால் மூன்று வரை எண்ணிவிட்டுப் பதில் சொல்கிறேன். அத்தைக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் யாரைப் பற்றியாவது குறை சொல்ல வேண்டுமானால், முதலில் சேகர் அறையை எட்டிப் பார்ப்பார். "பொட்டி தூங்குதா?" என்பது எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது, ரகசியம் பேசுவதற்கு முன் கடலூர் சித்திகூட அப்படித்தான் கேட்கிறார்.

போன வருஷம் சேகருக்குக் கல்யாணம் நடந்தது. புது மருமகள் வந்து இரண்டு வாரம் பொறுத்திருந்த அத்தை, ஒருநாள் காலை என்னைக் கொல்லைப் பக்கம் கண்ணால் ஜாடை காட்டிக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "பொட்டி தூங்குதா பாத்துட்டு வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கையும் பிடுங்கிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.