ஐரிஷ் இசைத்தட்டில் ஒரு பலே

பிரேசர் டவுன், பெங்களூர்
பிப்ரவரி 1964

சிரஞ்சீவி மைத்துனன் அப்பாதுரைக்கு, சேஷகிரி அநேக ஆசீர்வாதம். நானும் உன் அக்கா அலர்மேல்மங்கையும் சௌக்கியம். அங்கே உன் முட்டிவலி நீங்கலாக மற்றதெல்லாம் விருத்தியாக வேங்கடாசலபதி அருள்புரியட்டும்.

நான் ஏதோ வெள்ளைக்காரன் கச்சேரியைக் கெடுத்துவிட்டதாகச் சேலம்வரை பேச்சு வந்து, உன் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதாய் எழுதியிருந்தாய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எனக்கு இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

பக்கத்து வீட்டு ஓஸ்வால்டின் தாயார் அயர்லாந்தில் பிறந்தவள், இடுப்பு முறிந்து படுத்த படுக்கை. அந்த நாட்டுப் பாடகர் ஃபின்டன் என்பவர் இந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்ததும் ஓஸ்வால்ட் கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சர்ச் ஹாலில் பாடவைத்தான், அதை அப்படியே மிஷினில் பிடித்து இசைத்தட்டாகப் போட அவருடைய லண்டன் கம்பெனியும் சம்மதித்தது, தாயார் படுத்தபடியே கேட்கலாம் அல்லவா? வாசலிலேயே ஓஸ்வால்ட் என் கையைப் பிடித்து, “சார், மிஷின் ஓடுறப்ப இருமக்கூடக் கூடாது, தயவு பண்ணுங்க” என்றான். “செக்ரடேரியட்டில் சர்வீஸ் முழுக்க வாய் திறக்காதவன் நான்” என்றேன். மேடையில் மனுஷர் ஒண்டி ஆள், பிடில் இல்லை, மிருதங்கம் இல்லை, கையில் இருந்த கிடாரையும் பாதியில் கீழே வைத்துவிட்டார். கடலுக்குப் போன புருஷனைத் தேடும் பெண்ணின் பாட்டாம். அவர்களுடைய ஐரிஷ் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மேலே போன குரல் இறங்க மனசில்லாமல் ஓரிடத்தில் நின்று நடுங்கிற்று பார், என்னையறியாமல் தொடையில் தட்டி “பலே!” என்று கத்திவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. பாடகர் ஒரு கணம் மிரண்டார், பிறகு என்ன தோன்றிற்றோ, அதே அடியை இன்னும் மெதுவாகத் திரும்பப் பாடினார். அதற்கும் ஒரு பலே போட்டேன், போடாமல் எப்படி இருப்பது? “ஏன்னா, மானம் போறது, வாயை மூடுங்கோ!” என்று உன் அக்கா கிள்ளினாள், நான் அவளை “ஸ்ஸ்” என்று அடக்கியதுகூட மிஷினில் பதிவாகிவிட்டது.

அன்றிலிருந்து ஓஸ்வால்ட் என் முகத்தில் விழிக்கவில்லை. கேட்டில் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். போன வாரம் லண்டனிலிருந்து இசைத்தட்டு வந்தது. அரைமணி கழித்து அவனே வந்து, “சார், அம்மா கூப்பிடுது” என்றான். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க ஊர்ல இந்தப் பாட்டுக்கு ஜனம் இப்படித்தான் நடுவுல சத்தம் குடுக்கும், மிஸ்டர் சேஷகிரி. மத்தவங்க எல்லாம் செத்த மாதிரி குந்திகினு இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க.”

ஓஸ்வால்ட் தரையைப் பார்த்துக்கொண்டு மறுபடி பாட்டை வைத்தான். அந்த இடம் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. கிழவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு “பலே” என்றாள்.

ஆகையால், இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது, இனி எந்தக் கச்சேரிக்கும் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும், முக்கியமாக உன் மாமனாருக்குத் தெரிய வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சேஷகிரி

பி.கு. சேலம் வரும் எங்கள் மாடிவீட்டு முனிகிருஷ்ணனிடம், ஓஸ்வால்ட் எனக்கென்று கொடுத்த இசைத்தட்டை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. மற்றதைக் கேட்காவிட்டாலும் பாதகமில்லை. உன் மாமனாருக்குக் காது மந்தம். கிராமபோன் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வை.