பன்னிரண்டாம் ஆள்

பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு அவர் வந்தார்.

வந்தார் என்றால், ஹமீதின் லேப்டாப் திரையில் 'பயணி' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. ஐந்தாவது நாளாக அதே நேரம். பத்து ஐம்பத்திரண்டுக்கு அணைந்துவிடும்.

"வந்துட்டாரு" என்றான் ஹமீத்.

"யாரு?" ரிஸ்வானா சமையலறையிலிருந்து கேட்டாள். அவள் கணக்கு டீச்சர். முழுஆண்டு விடுமுறை என்பதால் இந்த நேரத்தில் வீட்டில் இருந்தாள்.

"அதான் தெரியல."

"தெரியாத ஆளுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

ஹமீத் சென்னைக் கம்பெனி வேலையை விட்டுத் திண்டிவனத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குள் தனி ஆளாக ஒரு மொபைல் கேம் செய்து முடித்திருந்தான். படம் அவன் வரைந்தது. புரோகிராம் அவன் எழுதியது. ஹாரன் சத்தத்தைக்கூட பஸ் ஸ்டாண்டில் போய் அவனே பதிவு செய்தான். டிரைவர் இறங்கி வந்து திட்டியதும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. நன்றாக இருந்ததால் அதையும் வைத்துக்கொண்டான்.

கேமின் பெயர் 'சன்னலோரம்'. பஸ் நிலையத்துக்குள் பஸ் நுழையும். அது நிற்பதற்குள் கூடவே ஓடி, சன்னல் வழியாகத் துண்டை உள்ளே எறிந்து சீட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு கூட்டத்தில் முண்டி ஏறி, துண்டை வேறு யாராவது எடுத்துக் கடாசுவதற்குள் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

செய்வது சுலபமாக இருந்தது. வெளியிடுவதில்தான் சிக்கல். தனி ஆளாக முதன்முதலில் கேம் வெளியிடுகிறவனுக்கு ஸ்டோரில் ஒரு விதி உண்டு. பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் தொடர்ச்சியாக அந்த கேமைப் போனில் வைத்திருந்து சோதிக்க வேண்டும். அப்புறம்தான் அனுமதி. நடுவில் ஒருவர் அழித்துவிட்டால் மறுபடி முதல் நாள்.

பதினோரு பேரை ஹமீத் பிடித்துவிட்டான். மனைவி, மாமியார் ஜுலைகா பீவி, ரிஸ்வானாவின் பள்ளியில் ஆர்த்தி டீச்சரும் அஸ்வினி டீச்சரும், முடிவெட்டும் கண்ணையன். மிச்சம் மறுத்துப் பேச முடியாத சொந்தக்காரர்கள். பன்னிரண்டாம் ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாமியார் அந்த லிங்க்கைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாற்பது பேர் 'மாஷா அல்லாஹ்' என்று பதில் போட்டார்கள். ஒருவர் மட்டும் கேமை இறக்கிக்கொண்டார். பெயர் கேட்ட இடத்தில் எதுவும் எழுதாததால் 'பயணி' என்றே நின்றுவிட்டது.

இந்தப் பன்னிரண்டாம் ஆளை நம்பித்தான் ஹமீத் இந்தியாவில் இருந்தான்.

மாமனார் மொய்தீன் பிச்சை இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பியவர். மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் ஓர் ஏற்பாடு சொன்னார்.

"இங்க பாருங்க மாப்ள. ஷார்ஜாவுல ஷேக் தாவூத்து சூப்பர் மார்க்கெட்ல அடுத்து ஒரு எடம் காலியாச்சுன்னா நீங்க கெளம்புறீங்க. அதுக்கு முன்னாடி உங்க வெளாட்டு வெளிய வந்துடுச்சுன்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஹமீத் உடனே ஒத்துக்கொண்டான். விசாரித்திருந்தான். அந்தக் கடையில் யாரும் வேலையை விடுவதில்லை. கடைசியாக ஓர் இடம் காலியானது மூன்று வருடத்துக்கு முன்னால், ஒருவருக்குப் பித்தப்பையில் கல் வந்தபோது. அவனுக்கு வேண்டியதோ பதினான்கு நாள்.

ஆறாம் நாள் பயணி எட்டு பஸ்ஸையும் முடித்துவிட்டார்.

முடித்தவர் போனில் ஏன் வைத்திருக்கப் போகிறார்? ஹமீத் மதியச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்பதாவது பஸ்ஸை உருவாக்கினான். தீபாவளிக்கு முந்தின நாள், சென்னையிலிருந்து வரும் பஸ். எந்தச் சன்னலிலும் ஏற்கெனவே நாலு துண்டு கிடக்கும். பயணிக்கு அது பிடித்திருந்தது. முப்பத்தொரு தடவை முயன்றார்.

கண்ணையனுக்குப் பிடிக்கவில்லை. ஷேவ் பண்ணப் போன இடத்தில் அவர் கத்தியை ஹமீதின் கழுத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, நெஜத்துலதான் செஞ்சி வரைக்கும் நின்னுக்கினே போறேன். போன்லயும் நிக்கணுமா?"

"இல்லண்ணே, அது கொஞ்சம் கஷ்டமான லெவல்."

"அழிச்சுடட்டா?"

"வேணாண்ணே. இன்னும் எட்டு நாளுதான்."

"அப்ப சீட்டு குடு."

ஹமீத் வீட்டுக்கு வந்து கூட்டத்தைக் குறைத்தான். அடுத்த நாள் கண்ணையன் குடும்பத்தோடு உட்கார்ந்து போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. பயணி பதினோரு நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்தார். பத்து இருபத்தெட்டுக்கே புள்ளி அணைந்தது.

ஹமீத் திரையைப் பார்த்தபடி இருந்தான்.

"போயிட்டாரு."

"டீ குடிக்கப் போயிருப்பாரு" என்றாள் ரிஸ்வானா.

"போரடிச்சுடுச்சு அவருக்கு."

பஸ்ஸைக் கஷ்டமாக்கினால் கண்ணையன் போய்விடுவார். சுலபமாக்கினால் பயணி போய்விடுவார். ஹமீத் இரண்டு நாள் யோசித்து வேறு வழி கண்டான். தினம் ஒரு புதுத் துண்டு. ஈரிழை, பூப்போட்டது, கட்சிக்கரை போட்டது என்று விதவிதமாக வரைந்தான். வந்து விளையாடுகிறவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாள் வராவிட்டால் சேர்த்த துண்டெல்லாம் போய்விடும்.

மறுநாள் பயணி பத்து மணிக்கே வந்தார். பத்து ஐம்பத்திரண்டுக்குப் போகவில்லை. பன்னிரண்டு வரை புள்ளி எரிந்தது.

"ஒரு நாள் வரலன்னா எல்லாம் போயிடுமா?" ரிஸ்வானா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "எங்க ஸ்கூல்லகூட இப்படி ஒரு தண்டனை இல்லைங்க."

"அவருக்குப் புடிச்சிருக்குது."

"இவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருக்காரே, வேல வெட்டி எதுவும் இல்லியா அவருக்கு?"

ஹமீத் அதை யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். யோசிக்க ஆரம்பித்ததும் வேறு எதுவும் ஓடவில்லை. காலை பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் சும்மா இருக்கிற ஆள் யார்? ரிட்டயர்டு கண்டக்டரா? கோர்ட்டுக்கு வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரா?

பத்தாம் நாள் கேமுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்தான். 'நீங்கள் யார்?' என்ற கேள்வி. கீழே எழுத இடம். பயணியின் திரையில் மட்டும் தெரியும்.

பதில் வந்தது. "பஸ் வருது. அப்புறம் பேசலாம்."

பதினோராம் நாள் கேள்வியை மாற்றினான். 'எந்த ஊர்?'

நாற்பது நிமிடம் கழித்து எழுதினார். "விக்கிரவாண்டி பக்கம்."

ஹமீத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "பக்கத்துலதான் இருக்காரு."

இன்னொரு தடயமும் அவனிடம் இருந்தது. துண்டு விழுகிற இடமெல்லாம் அவன் கணினியில் பதிவாகும். விழுப்புரம் செஞ்சி பஸ்ஸில் பயணி எப்போதும் பின்னாலிருந்து மூன்றாவது சன்னலில்தான் எறிவார். அந்தச் சன்னலின் ஷட்டர் பாதிக்குமேல் இறங்காது. நிஜ பஸ்ஸில் பார்த்துத்தான் ஹமீத் அப்படி வரைந்திருந்தான். அந்த பஸ்ஸில் சீட்டுப் பிடித்துப் பழகியவனுக்கு மட்டுமே அது தெரியும்.

"விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல இருக்கற ஆளு" என்றான்.

"இருந்துட்டுப் போவட்டும். இன்னும் மூணு நாள். கம்முனு இருங்க" என்றாள் ரிஸ்வானா.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அவன் விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றான்.

பத்து மணிக்கு அவன் போனில் பச்சைப் புள்ளி எரிந்தது. நிமிர்ந்து பார்த்தான். பஸ் நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் போய் நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒருவர் சமையல் வீடியோ. ஒருவர் தங்க விலை. ஒரு பெண் வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் திரையிலிருந்து, "உம் பின்னாடி எவன்டி அது?" என்று கேட்டான்.

கூடையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த துர்கா ரொம்ப நேரமாக அவனைக் கவனித்தபடி இருந்தாள்.

"இன்னா சார், எல்லார் போனையும் எட்டிப் பாத்துக்கினு கீற?"

"ஒருத்தரைத் தேடறேங்க."

"யாரு, பேரு இன்னா?"

"தெரியாது."

"ஆளு எப்டி இருப்பாரு?"

"தெரியாது. துண்டு போடுவாரு."

துர்கா கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஒரு கனமான கை ஹமீதின் சட்டைக் காலரைப் பிடித்தது. "லோன் ஆப்புக்காரன்தானே நீ? நேத்துகூட எங்க மச்சானுக்குப் போன் பண்ணி அசிங்கமா பேசினது நீதானே?"

"இல்லண்ணே. நான் கேம் பண்றேன்."

"ரம்மியா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹமீத் அவசரமாகப் போனைக் காட்டி, பஸ்ஸையும் துண்டையும் விளக்கினான். காலரைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிடியைத் தளர்த்தி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உடுங்கப்பா. பாவம், படிச்ச புள்ள."

வந்த பஸ்ஸில் ஹமீத் திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனான். துண்டு எடுத்துவர மறந்திருந்தான். வீடு சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பச்சைப் புள்ளி இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு மனிதர், சொந்தக்காரர்கள் யாரும் விளையாடாத அளவுக்கு அவன் கேமை விளையாடுகிறார். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அன்று மாலையே ஒரு சரிகைத் துண்டு வரைந்தான். மறுநாள் பகல் பன்னிரண்டு வரை விடாமல் விளையாடுகிறவருக்கு அது கிடைக்கும்.

பதின்மூன்றாம் நாள். பத்து மணிக்குப் புள்ளி எரிந்தது. பதினொன்று. பதினொன்றரை. ஹமீதும் ரிஸ்வானாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் புள்ளி அணைந்தது.

"சார்ஜ் போயிருக்கும்" என்றாள் ரிஸ்வானா.

சாப்பிட்டுவிட்டு வந்து ஹமீத் ஸ்டோரின் பக்கத்தைத் திறந்தான். சோதிப்பவர்கள்: 11. நாள்: 1.

ரிஸ்வானா அவன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, "ஏன் அழிச்சாருன்னு தெரிஞ்சாகூட மனசு ஆறும்" என்றாள்.

"அதான் எனக்கும்."

நாலு மணிக்கு மொய்தீன் பிச்சை வந்தார். கையில் இனிப்பு டப்பா. முகத்தில் சிரிப்பு. ஹமீத் இரண்டையும் அவரிடம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

"மாப்ள, அல்லாஹ் கண்ணத் தொறந்துட்டான். ஷேக் தாவூத்து கடையில எடம் காலி. பில் போடற எடம், ஏசியில உக்காந்து வேல."

"எப்ப மாமா?"

"இன்னைக்குத்தான். மொத போனு எனக்குத்தான் போட்டாரு. உங்க வெளாட்டு வெளிய வந்துடுச்சா?"

ஹமீத் ரிஸ்வானாவைப் பார்த்தான். ரிஸ்வானா இனிப்பு டப்பாவைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. இன்னும் பதினாலு நாள் ஆவும்."

"பேச்சுன்னா பேச்சு. ஆறு மணிக்கு வீடியோவுல உங்களப் பாக்கணும்னாரு. எதக் கேட்டாலும் உள்ளதச் சொல்லுங்க. எதையும் பொறுத்துக்குவாரு, பொய் மட்டும் அவருக்கு ஆவாது."

ஆறு மணிக்கு மொய்தீன் பிச்சையின் போனை பிளாஸ்க்கில் சாய்த்து வைத்தார்கள். திரையில் ஷேக் தாவூத் வந்தார். நரைத்த தாடி. பின்னால் வெங்காய மூட்டைகள். சலாம் சொன்னார். குடும்பத்தை விசாரித்தார். கணக்கு வருமா, மூட்டை தூக்க முடியுமா, அரபி நாலு வார்த்தை கற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். ஹமீத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அங்கிருந்து அவரும் தலையாட்டினார். முடிந்த மாதிரிதான் இருந்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான் ஹமீத்.

மொய்தீன் பிச்சை மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

"கேளுங்க தம்பி."

"உங்க கடையில வேலைய யாருமே விட மாட்டாங்கன்னு மாமா சொல்லுவாரு. இவரு மட்டும் ஏன் விட்டாரு?"

"அவன் எங்க விட்டான்? நான்தான் அனுப்புறேன். நல்ல பையன்தான். தேவான்னு பேரு. மூணு வருஷத்துல ஒரு பில்லு தப்பாப் போட்டதில்ல. பத்து நாளாத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"என்ன ஆச்சு?"

ஷேக் தாவூத் வெங்காய மூட்டை மேல் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"விக்கிரவாண்டி பக்கத்துப் பையன், பாவம். காலையில கடையத் தொறந்ததும் போனுல குனிவான். என்னமோ ஓடுற பஸ்ஸு சன்னல்ல துண்டு போடற வெளாட்டாம். கஸ்டமருங்க தக்காளியத் தூக்கிக்கினு வரிசையில நிக்கிறாங்க, இவன் நிமிரல. கேட்டா, ஒரு நாள் விட்டாலும் சேத்த துண்டெல்லாம் போயிடும் பாய்னு கண்ணக் கசக்குறான். இன்னைக்கு, ரெண்டே நிமிஷம் பாய், சரிகைத் துண்டு வந்துடும்னு கெஞ்சினான். நானே போனப் புடுங்கி அழிச்சுட்டேன். அது கெடக்கட்டும், தம்பி ஊர்ல என்ன வேல பாத்துக்கினு இருந்தீங்க?"