தூக்குவாளியில் வந்த ஊசி

படாரென்று ஆஸ்பத்திரி அறைக் கதவு திறந்துகொண்டது. தொட்டிலில் கிடந்த பிள்ளை இரண்டு கைகளையும் விரித்து உடம்பை ஒரு உதறு உதறியது.

உள்ளே வந்த பாலம்மாள், பிறந்து ஒரு நாள்கூட முடியாத பேரனைக் குனிந்து பார்த்தாள். மூக்கு தன் வீட்டு மூக்குதான் என்று முடிவு செய்துகொண்டு, கட்டிலில் கிடந்த மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி பிரேமா, நேத்து கஞ்சி கொடுத்துவிட்ட தூக்குவாளி எங்க?"

"தெரியலியே அத்தை. நான் பிள்ளை பெத்துக்கிட்டுல்லா இருந்தேன்."

"பிள்ளை இங்கன கிடக்கு. நான் வாளியக் கேக்கேன்."

இந்த இடத்தில் பிரேமாவின் புருஷன் செண்பகராஜ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அவனுக்கு எதையும் பற்ற வைத்துத்தான் பழக்கம்.

நேற்று மத்தியானம், வலி போதவில்லை, வலி வரவைக்கும் ஊசி வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில்தான் அந்த ஊசி இருந்ததாம். ஐஸில் வைத்துத்தான் கொண்டு போக வேண்டும் என்றார்களாம். கையில் இருந்த வாளிக் கஞ்சியை அவனே குடித்துவிட்டு, சர்பத் கடையில் ஐஸை வாங்கி அதில் நிரப்பி, நடுவில் ஊசியைப் புதைத்து, வேகாத வெயிலில் ஓடி வந்தானாம்.

பாலம்மாளின் முகம் மாறியது. கஞ்சி போனதற்காக அல்ல.

ஏழாம் மாதத்தில் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். தானாக வலி கண்டு பெற்றால், கொட்டிலில் நிற்கும் செவலை வெள்ளாடு பிரேமாவுக்கு. அந்த வீட்டில் 'என்னுது' என்று சொல்லிக்கொள்ள பிரேமாவுக்கு ஒரு விளக்குமாறுகூடக் கிடையாது. அதனால் இரண்டு மாதமாக மனசுக்குள் அந்த ஆட்டுக்குப் பேர் வைத்து, குளிப்பாட்டி, மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நம்ம கறுப்பி ரெண்டு குட்டி போட்டுச்சு. அதுக்கு நிக்கப் போயித்தான் என்னால இங்கன வர முடியல" என்றாள் பாலம்மாள். "அதுக்கு யாரும் ஊசி போடல. அப்போ செவலை யாருக்குச் சேரணும்? ஊசிக்குத்தான்."

பிரேமா மோட்டுவளையைப் பார்த்தபடி யோசித்தாள். கறுப்பி நினைத்தபோது நின்றிருக்கும், நினைத்தபோது நடந்திருக்கும், தாகமெடுத்தால் தொட்டியில் வாய் வைத்திருக்கும். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரசவ அறைக்குள் போனதும் சேலையை வாங்கிக்கொண்டு கவுனைக் கொடுத்தார்கள். எனிமா கொடுத்தார்கள். சவரம் செய்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நடக்கட்டுமா என்றால் கூடாது. ஒரு வாய் தண்ணீர் என்றால் அதுவும் கூடாது. எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டு, வலி மட்டும் வேகமாக வரவில்லையே என்று குறைப்பட்டார்கள். எதற்கும் அவளைக் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றவனைக் கேட்டார்கள். கையெழுத்து அவன் போட்டான். தையல் இவளுக்குப் போட்டார்கள்.

வலியாவது தன்னுடையது என்று நினைத்திருந்தாள். இப்போது அதுவும் மெடிக்கலில் வாங்கியது என்று ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். "சிஸ்டர், ஊசி வந்துட்டு" என்று வெளியே இவன் கத்தியது காதில் விழுந்தது. அடுத்த நிமிஷம் லோடு லாரி ஏறியது மாதிரி ஒரு வலி. அரை மணி நேரத்தில் பிள்ளை.

இனி யாரிடமும் ஊசிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அவள் செண்பகராஜிடம் சத்தியம் வாங்கினாள்.

அன்று சாயங்காலம், கடம்பூரிலிருந்து அவன் சித்தி கல்யாணசுந்தரி போளி டப்பாவோடு வந்தாள். பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டாள்.

செண்பகராஜ் சத்தியத்தைக் காப்பாற்றினான். "அதை மட்டும் கேக்காதீங்க சித்தி. பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

சித்தி போளியைக் கீழே வைத்தாள். ஆயுதம் போட்டு எடுத்த தடம் இருக்கிறதா என்று பிள்ளையின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பிரேமாவின் போர்வையை அரையடி தூக்கி வயிற்றை நோட்டம் விட்டாள். போகும் வழியில் எஸ்.டி.டி. பூத்தில் அவள் பேசிய பேச்சில், பிரேமாவுக்கு ஆபரேஷன் என்று கடம்பூர் முழுக்கத் தெரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பெண்கள் பூண்டும் பத்தியமுமாக வந்து இறங்கினார்கள்.

ஆபரேஷன் இல்லை என்று காட்ட, பிரேமா கட்டிலை விட்டு இறங்கி வாசல்வரை விறுவிறுவென்று நடந்து திரும்பினாள். தையல் சுண்டி இழுத்தது. சபிதா சிஸ்டர் வந்து திட்டினாள். டாக்டரம்மா, இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார்கள்.

வெறும் ஊசிக்கு எதற்கு இத்தனை நாள் என்று பாலம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்தவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லுட்டி. வயித்தக் கீறுனாவளா?"

பிரேமாவுக்கு அலுத்துப்போனது. "கீறல அத்தை. ஊசிதான். நான் சும்மாதான் படுத்துக் கிடந்தேன், ஊசிதான் பிள்ளையப் பெத்துச்சு. போதுமா?"

சத்தியம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட செண்பகராஜ், கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை வெயில் இன்னும் கூடியிருந்தது. சர்பத் கடை இன்னும் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தது. அலைந்து கறுத்துவிட்டானே என்று கடம்பூர்ப் பெண்கள் உச்சுக்கொட்டி, போளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்கள். பிள்ளைக்காரிக்கு நெய்ப் பண்டம் ஆகாதாம்.

செவலை ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ ஓடுவது பிரேமாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. பிள்ளையோடு பிரேமா ஏறப்போகும் நேரத்தில், பாலம்மாள் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது தன் அம்மா வீட்டுச் சீர் வாளி. தன் பேர் வெட்டியிருக்கிறது. அது கைக்கு வராமல் ஆட்டோ நகராது.

"ஒரு வாளிக்காம்மா?" என்றான் செண்பகராஜ்.

"ஏலே, நீ ஊசி வாங்கப் போனதைத்தான் ஊர் பூரா சொல்லுதே. வாளியை எங்கன வச்சேன்னு சொல்லத் தெரியலியே?"

வாசலில் வாங்கிக்கொண்டு போனது சிஸ்டர்தான் என்று அவன் முணுமுணுத்தான். சபிதா சிஸ்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தூக்குவாளி இருந்தது. வெளியெல்லாம் பனித்து, வெட்டியிருந்த 'பாலம்மாள்' மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பாலம்மாள் வாங்கி முந்தானையால் துடைத்தாள். அசைத்ததில் உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.

"மன்னிச்சுக்கிடுங்கம்மா, ஃபிரிட்ஜுல வச்சதை மறந்தே போனேன். இவிய வாசல்ல வந்து சத்தம் கொடுக்கும்போதே பிரேமாக்காவுக்குத் தானா நல்ல வலி எடுத்துட்டு; அந்த ஊசிய நாங்க பிரிக்கவே இல்ல, உள்ளதான் கிடக்கு."