கள்ளி பூத்துவிட்டது, தங்கைக்குத் தெரியட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான், மகன், மருமகள் மூவரும் என் முழங்கால் நீங்கலாக நலம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா என்று கேட்கும் எண்ணம் எனக்கில்லை. கடிதம் என்றால் கேட்க வேண்டும் என்பதால் கேட்டுவிட்டேன். நீ பத்தாவது வரை படித்தவள். எழுத்துப்பிழை தேடாமல் விஷயத்தைப் படி.

நீ புதுவீடு குடிபோன அன்று, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து ஒரு ரோஜாத் தொட்டி கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. நீ நீலப் புடவை கட்டியிருந்தாய், ஓரத்தில் தையல் விட்டிருந்தது, நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நீயோ அத்தனை பேர் முன்னால், "ஐயோ அக்கா, கீழ வச்சிடு, உன் கை பட்டா பச்சையும் பட்டுப்போயிடும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. அந்த ரோஜா பட்டுப்போனது உன் வீட்டில், உன் கையில். பழி மட்டும் எனக்கு. அன்று உன்னோடு பேச்சை நிறுத்தியவள், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹாலில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தருகிறாள். இந்தத் தடவை தட்டில் பாலைவனம். அகலத் தட்டில் மணல் பரப்பி, கல் அடுக்கி, கள்ளி நட்டு, பார்க்கிறவர்களுக்கு நாக்கு வறள வேண்டுமாம். நான் ஆசையாக ஒரு கள்ளியைத் தூக்கினேன். "அத்தை, வேணாம், வச்சிடுங்க! நீங்க சும்மா உட்கார்ந்து பார்த்தாலே போதும்" என்று ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். உன் பேச்சை என் மகன் அவளிடம் ஓதியிருக்கிறான்! கள்ளியடி அது! கவனிக்காமல் விட்டாலே வளருமாம். அதைக்கூட நான் சாகடித்துவிடுவேனாம். முள் எடுக்கிற இடுக்கியைக் கையில் கொடுத்து என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். செய்தித்தாளைப் பட்டையாக மடித்துக் கள்ளியின் இடுப்பில் சுற்றித் தூக்கினால் குத்தாது என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பையன் அந்தப் பட்டையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடினான், இன்னொருத்தன் வியர்க்குது என்று ஃபேனைப் போட்டான், சலித்து வைத்திருந்த மணல் முழுக்கக் கிளம்பி மகனின் ஆபீஸ் செருப்பு, கட்டில், என் காது என்று போய்ச் சேர்ந்தது, "ஐ, நிஜப் பாலைவனம்!" என்று எல்லா வாண்டுகளும் கைதட்டின, மணலில் காற்றின் கோடு போட என் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள், இன்றுவரை தலை வாரினால் மணல்தான் கொட்டுகிறது, சத்தம் கேட்டுச் சண்டைக்கு வந்த வீட்டு ஓனர், காலியாக இருக்கிறது என்று நினைத்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது காலியாக இல்லை, ஒரு கள்ளி இருந்தது. நான் இடுக்கியோடு எழுந்தேன். "கிட்ட வராதீங்கம்மா!" என்று கத்திவிட்டு, மிச்சச் சண்டையை நின்றுகொண்டே போட்டார். வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே அதை அடக்கிவிட்டேன்.

"எல்லா இடத்தையும் நிரப்பாதீங்க, பாலைவனத்துக்கு வெற்றிடம்தான் அழகு" என்று மருமகள் தொண்டை கிழியச் சொன்னாள். யார் கேட்டார்கள்? ஒருவன் தட்டில் கார், ஒருத்தி தட்டில் பொத்தான். ஒரே ஒரு பெண் கேட்டாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள், அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர். முள் எடுக்க வந்தவளிடம் உன் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன், தையல் விட்ட புடவை உட்பட. அவள் தட்டின் ஒரு கோடியில் ஒல்லிக் கள்ளி, மறுகோடியில் உருண்டைக் கள்ளி, நடுவில் வெறும் மணல்.

"ஏன்டி நடுவுல ஒண்ணும் வைக்கல?" என்றேன்.

"அது நீங்க, இது உங்க தங்கச்சி. நடுவுல என்ன வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல பாட்டி."

உருண்டை நீ. அதில் எனக்குத் திருப்திதான்.

அடுத்த ஞாயிறு எல்லாத் தட்டுகளையும் ஹாலில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் அந்தத் தட்டு என் பொறுப்பு என்று கேள்விக்குறி விட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. கண்காட்சி அன்று காலையில் பார்க்கிறேன், ஒல்லிக் கள்ளியின் தலையில் மஞ்சளாக ஒரு பூ! கண்ணாடி போடாமலே தெரிந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பொறாமை. வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மரியாதையில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஆகவே தங்கையே, என் கை பூக்க வைக்கும் கை என்று ஊரறிய நிரூபணம் ஆகிவிட்டது. "நான் சொன்னது தப்பு" என்று உன் கையால் எழுதி அனுப்பு. டீயை மூக்கில் விட்டவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை இந்த வாசல்படி மிதிக்காதே.

பிள்ளைகுட்டிகளுக்கு என் ஆசி. நீயும் நன்றாக இரு. கோபம் வேறு, ஆசி வேறு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடினேன். பசைப்புட்டி கள்ளித் தட்டின் பின்னால் இருந்தது. அதை எடுக்கும்போது விரல் பட்டு, பூ கையோடு வந்துவிட்டது, அடியில் ஒரு உருண்டைப் பசையோடு. காய்ந்த பூ. கேள்விக்குறியைக் கூப்பிட்டு மிரட்டினேன். "பூ பூத்தாத்தானே பாட்டி நீங்க அவங்களுக்கு லெட்டர் போடுவீங்க?" என்கிறாள். எனவே நீ எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் வந்து, அன்றைக்குச் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போ. அவரையும் கூட்டி வா. டீ போட்டுத் தருகிறேன். மூக்கு வழியாக வந்தாலும் பரவாயில்லை.