பிரேக் சார் வாங்காத புத்தகங்கள்

எங்கள் ஆபீசில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்தவர் எவரும் கிடையாது. காரணம், நாங்கள் பிரேக் சார் என்று கூப்பிடும் சக ஊழியர். எதிராளி சொல்வதில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் போதும், கையை நீட்டி, "நிறுத்துங்க, அப்படின்னா என்ன?" என்பார். மேனேஜர் உரையானாலும் சரி, பிறந்தநாள் வாழ்த்தானாலும் சரி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழர். கன்னடத்தில் 'இல்லையா' என்று பொருள்படும் 'அல்வா'வைப் பேச்சின் வாலில் ஒட்டுவார். சேலத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மனிதருக்கு எப்போதும் இனிப்பு நினைவுதானா என்று குழம்பியிருக்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டு பில்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. இனி அதைக் கம்ப்யூட்டரே செய்யும் என்று ஒருநாள் சொன்னார்கள். அதற்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் பற்றிப் பரீட்சை எழுதித் தேறுகிறவர்களுக்கு, கம்ப்யூட்டரைக் கண்காணிக்கும் புதுப் பிரிவில் இடம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். நான் அல்ஜீப்ராவுக்குப் பள்ளியிலேயே கும்பிடு போட்டவள். வீட்டுக்கு வருவதோ என் ஒருத்தி சம்பளம்.

வகுப்பெடுக்க வந்தவர் முதல் படத்தைத் திரையில் போட்டதுமே கை நீண்டது. "நிறுத்துங்க சார். நியூரல்னா என்ன?"

அவர் சிரித்தார். "ஏதாவது ஆரம்பநிலைப் புத்தகம் படிச்சிட்டு வாங்க" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அறையில் எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். வாயைத் திறந்தவர் இவர் மட்டுமே.

சாயந்திரம் என் மேஜைக்கு வந்தார். "மேடம், ஆரம்பநிலைப் புத்தகம்னு ஒண்ணு எங்கயாவது இருக்கும் அல்வா? வாங்க, தேடுவோம்."

தேவராஜ மொஹல்லாவில் ஒரு புத்தகக் கடைக்குப் போனோம். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்பார்; விளக்காத வார்த்தை வந்தால் மூடிவிடுவார். இதுதான் அவருடைய தேர்வு. அட்டையில் 'எதுவுமே தெரியாதவர்களுக்கு' என்று போட்டிருந்த புத்தகம், இரண்டாம் பக்கத்திலேயே 'உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மேட்ரிக்ஸ்' என்றது. "எனக்குத் தெரியும்னு இவருக்கு யாரு சொன்னது?" மூடினார். அடுத்தது 'இதிலிருந்து எளிதாகக் காணலாம்' என்றது. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "காணோம்" என்றார். இன்னொன்று ஒரு கணக்கைப் பாதியில் விட்டு, மீதியை வாசகருக்குப் பயிற்சி என்றது. "அவர் வேலைய நம்ம தலையில கட்டறார் அல்வா?"

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சார், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுப் படிங்க. நீங்க மூடுன புக்கை அப்புறம் யாரும் தொட மாட்டேங்கறாங்க."

கடைசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அலமாரியில், பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட ஒல்லிப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. வாசிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பில் போட வந்தவர்கள் நின்று கேட்டார்கள். கடைக்காரரே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஆளுக்கொன்று வாங்கினோம். படிக்கும் வரிசையையும் அவரே வகுத்தார்: முதலில் இந்தப் படப் புத்தகம், அப்புறம் பேனா பிடித்துச் சின்னக் கணக்குப் போட வைக்கும் புத்தகம், அதற்கும் பிறகுதான் புரோகிராம் எழுதும் புத்தகம். வரிசை மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், படித்ததை மேனேஜர் மேல் சோதித்தோம். மழை, மேனேஜர் சாப்பிட்ட காலை டிபன், அவர் வீட்டிலிருந்து வந்த போன், இவற்றை வைத்து இன்று அவர் லீவு தருவாரா என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. ஊகம் தப்பினால், நம்மை ஏமாற்றியதன் எடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். "நேத்து மழைய ரொம்ப நம்பிட்டோம் மேடம், இறக்குங்க. போனை ஏத்துங்க" என்பார் பிரேக் சார். நெட்வொர்க் கற்றுக்கொள்வதும் இப்படித்தான் என்று எனக்கு உறைத்த நாளில், கையில் எடுத்த தயிர்சாதம் வாய்க்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குள், எப்போது லீவு கேட்டால் கிடைக்கும் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்து போயிருந்தது.

பரீட்சை எழுதி, முடிவுகள் ஒட்டிய அன்று பலகை முன்னால் கூட்டம். பிரேக் சார் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். "இருக்கீங்க மேடம்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகுதான் தன் பெயரைத் தேட ஆரம்பித்தார். அதுவும் இருந்தது.

அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண். அவரிடம் பிரேக் சாரைப் பற்றிச் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மனசு வரவில்லை. நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.